தாளம் தப்பும் பாசி: கோடோவில் ஒரு நீருக்கடி எதிரியைக் கட்டுவது எப்படி

கடற்பாசி என்றதும் பினாங்கில் பலருக்கும் நோன்பு திறக்கும் தட்டில் நடுங்கும் இனிப்புதான் ஞாபகத்துக்கு வரும். இங்கே கட்டப்போவது அதைவிட முரட்டுப் பாசி. பிளாட்ஃபார்ம் கேமின் நீருக்கடிக் கட்டத்தில் தரையில் வேரூன்றி நிற்கும். சும்மா ஆடும். ஹீரோ பக்கத்தில் வந்தால் பாய்ந்து பிடிக்கும். கோடோ 4 என்ற கேம் எஞ்சின் தெரிந்து, ஒரு ஹீரோவை ஓடவும் குதிக்கவும் வைத்துவிட்டவர்களுக்கு இது இரண்டு மாலை வேலை.

நண்டு வந்தால் நண்டு என்று தெரிகிறது, மீன் வந்தால் மீன் என்று தெரிகிறது. பாசி அப்படியில்லை, அது அலங்காரத்தோடு கலந்து நிற்கும். சுற்றிலும் ஆடும் இருபது பாசிகளில் கடிக்கிற ஒன்று எது என்பது ஆடுபவருக்குத் தெரியாமல் போனால் கேம் ஏமாற்றுகிறது என்றுதான் நினைப்பார். வேறு நிறம் கொடுத்துவிடலாம் என்று உடனே தோன்றும். கொடுக்காதீர்கள். காட்சியின் மேல் நீலப் போர்வை விழுந்ததும் பச்சையும் ஊதாவும் ஒன்றாக மங்கிவிடும், நிறம் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அது முதலிலிருந்தே உதவாது. அசைவை நம்புங்கள். எல்லாப் பாசியும் ஒரே நீரில் ஒரே தாளத்தில் ஆடட்டும், பாயப்போகும் பாசி மட்டும் அந்தத் தாளத்திலிருந்து விலகி நிற்கட்டும். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த ஒரு முடிவுக்காகத்தான்.

அந்தத் தாளத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. கோலாலம்பூரில் இருந்தால் கேஎல்சிசி அக்வேரியாவில் கைப்பேசியை அசையாமல் பிடித்து ஒரு நிமிடம் படம் எடுங்கள். பினாங்கில், தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஜெலுத்தோங் பக்கம் இருக்கும் மிடில் பேங்க் திட்டில் கடல்புல் வளர்கிறது. கடல்புல் பாசி இனமல்ல, பூக்கும் தாவரம். ஆனால் அதன் நாடா போன்ற இலை நீரோட்டத்தில் சாயும் விதம் நமக்கு அப்படியே பயன்படும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வேர் அசையாது, அசைவு அடியிலிருந்து நுனிக்கு ஏறும், நுனி எப்போதும் கொஞ்சம் பிந்தியே திரும்பும்.

முதலில் நீர், பிறகு பாசி

திரை 320 × 180 பிக்சல், தரையும் சுவரும் கட்டும் சதுர ஓடு 16 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் திரை ஆறு மடங்கு பெருகினால் 1920 × 1080-க்குச் சரியாகப் பொருந்தும். நீந்தும் ஹீரோவின் மோதல் வடிவம் 6 பிக்சல் ஆரமுள்ள வட்டம். நிலத்தில் கோடோவின் இயல்பான ஈர்ப்பு 980, அதை நீருக்குள் 240 ஆக்குங்கள். அமிழும் வேகம் 60-ஐத் தாண்டக் கூடாது. ஒரு முறை கை வீசினால் மேல்நோக்கி 110. பக்கவாட்டு வேகம் 70, விசையை விட்டதும் நொடிக்கு 200 வீதம் வேகம் குறையட்டும்.

இந்த எண்களை எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். 110-இன் வர்க்கத்தை 480-ஆல் (ஈர்ப்பு 240-இன் இரு மடங்கு) வகுத்தால் ஏறத்தாழ 25. ஒரு கைவீச்சுக்கு ஹீரோ 25 பிக்சல் ஏறுவான் என்று பொருள். 70-இன் வர்க்கத்தை 400-ஆல் (200-இன் இரு மடங்கு) வகுத்தால் 12.25. விசையை விட்ட பிறகும் அவன் 12 பிக்சல் வழுக்கிப் போவான். பாசி எவ்வளவு தூரம் எட்டலாம் என்பதை இந்த இரண்டு எண்களே தீர்மானிக்கின்றன. நீச்சலை முடிக்காமல் பாசியைத் தொட்டால், பிறகு நீச்சலை மாற்றும் ஒவ்வொரு முறையும் பாசியையும் மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது நீரின் கடிகாரம். ஆட்டோலோடில் (எல்லா சீனுக்கும் பொதுவாக ஓடும் இடம்) ஒரு ஸ்கிரிப்ட் போட்டு நீர்_நேரம் என்ற மாறியில் ஒவ்வொரு பிரேமும் டெல்டாவை, அதாவது முந்தைய பிரேமிலிருந்து கழிந்த நேரத்தை, கூட்டிக்கொண்டே வாருங்கள். 240 நொடி ஆனதும் 240-ஐக் கழித்துவிடுங்கள். ஓர் ஆட்டச் சுற்று 2.4 நொடி என்பதால் 240 நொடி என்பது சரியாக 100 சுற்று. திரும்பும் இடத்தில் குலுங்காது.

தமிழில் மாறிப் பெயரா என்று கேட்கலாம். கோடோ 4-இன் ஜிடிஸ்கிரிப்ட் அதை ஏற்கும். ஒரு பொறி மட்டும் உண்டு. ‘கௌ’வில் வரும் ஔகாரக் குறியை ஒருவர் சரியாகத் தட்ட, இன்னொருவர் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டினால் திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், எஞ்சினுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ‘அறிவிக்கப்படாத பெயர்’ என்று பிழை வந்து அரை நாள் போகும். ண, ன குழப்பத்தாலும் இதே கதைதான். ஔகாரம் வரும் பெயர்களை விட்டுவிடுங்கள். இருவர் சேர்ந்து எழுதினால் பெயரைத் தட்டாமல் நகலெடுத்து ஒட்டுங்கள்.

தண்டு

புதிய சீனில் மேல் நோட் நோட்2டி. அதன் கீழ் ஒரு லைன்2டி, ‘கவனிப்பு’, ‘பிடி’ என்று இரண்டு ஏரியா2டி, பிறகு ஒரு ரேகாஸ்ட்2டி. தண்டுக்கு 9 புள்ளிகள், 8 கண்ணிகள், கண்ணிக்கு 8 பிக்சல், ஆக உயரம் 64. வேரின் எண் 0, நுனியின் எண் 8.

ஒவ்வொரு புள்ளியும் பக்கவாட்டில் விலகும் அளவு இது:

விலகல் = 10 × (எண் ÷ 8)² × சைன்(6.283 × நீர்_நேரம் ÷ 2.4 − எண் × 0.25 + கட்டம்)

10 என்பது நுனி ஆடும் வீச்சு. வர்க்கம் இருப்பதால் வேர்ப் பக்கம் விறைப்பாகவும் நுனிப் பக்கம் தளர்வாகவும் இருக்கும். அதை எடுத்துவிட்டால் பாசி கீல் வைத்த கதவு மாதிரி ஆடும். 0.25 என்பது ஒவ்வொரு கண்ணியும் பிந்தும் அளவு. 0 வைத்தால் கார் கண்ணாடியைத் துடைக்கும் கம்பிபோல் இருக்கும், 1-ஐத் தாண்டினால் பாம்பு. அதன் முன்னால் இருக்கும் கழித்தல் குறியைத் தவறிக் கூட்டலாக்கிவிட்டால் அலை நுனியிலிருந்து வேருக்கு இறங்கும். ஏதோ சரியில்லை என்று பார்ப்பவருக்குத் தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது.

சூத்திரத்தில் கட்டம் என்பது ஒரு பாசி மற்றதைவிட எவ்வளவு முந்தி அல்லது பிந்தி ஆடுகிறது என்பது. அதற்கு ராண்டம் எண் கொடுக்க வேண்டாம். பாசி நிற்கும் எக்ஸ் இடத்தை 0.05-ஆல் பெருக்கி, முன்னால் கழித்தல் குறி போட்டு அதையே கட்டமாக வையுங்கள். அடுத்தடுத்த ஓடுகளில் நிற்கும் இரண்டு பாசிகளுக்கு நடுவே 0.8 ரேடியன் வித்தியாசம் விழும், திரையின் அகலத்தில் இரண்டரை அலை ஓடும். நெல் வயலில் காற்று போவதுபோல நீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ராண்டம் கொடுத்தால் ஒவ்வொரு பாசியும் தன் இஷ்டத்துக்கு ஆடும், அதில் ஒன்று நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கு புள்ளிகளைப் பக்கவாட்டில் மட்டும் தள்ளுகிறது, அதனால் தண்டு கொஞ்சம் நீளும். வீச்சு 10 இருக்கும்வரை நுனிக் கண்ணி பத்தில் ஒரு பங்குக்குள்தான் நீளும், தெரியாது. 20 வைத்தால் மூன்றில் ஒரு பங்குவரை நீண்டு ரப்பர்போல் ஆகிவிடும். வீச்சு கூடுதலாக வேண்டுமென்றால், கணக்குப் போட்ட பிறகு வேரிலிருந்து மேலே ஒவ்வொரு புள்ளியாகப் போய், முந்தைய புள்ளியிலிருந்து சரியாக 8 பிக்சல் தள்ளி வருமாறு இழுத்து வையுங்கள். ஒரே சுற்று போதும்.

லைன்2டியின் தடிமன் 6. அகல வளைவில் நுனியை 0.4-க்குக் குறையுங்கள், மூட்டையும் முனையையும் உருண்டையாக வையுங்கள். டெக்ஸ்சரை டைல் முறையில் போட்டால் அந்த நோடில் டெக்ஸ்சர் ரிபீட்டையும் இயக்க வேண்டும். மறந்தால் முதல் கண்ணியில் படம் சரியாக இருக்கும், மீதியில் கடைசி பிக்சல் கோடாக இழுபடும்.

அலங்காரப் பாசி

அலங்காரத்துக்கும் லைன்2டியையே போட்டால் சீன் தேவையில்லாமல் கனக்கும். அவை சாதாரண ஸ்பிரைட்டும் ஒரு ஷேடருமாக (படம் வரையப்படும் விதத்தை மாற்றும் சிறு நிரல்) இருக்கட்டும். ஸ்பிரைட்டுக்கு நான்கு மூலைகள்தான், அதனால் வெர்டெக்ஸ் பகுதியில் அசைத்தால் படம் சாயுமே தவிர வளையாது. ஃபிராக்மென்ட் பகுதியில் அதே சூத்திரத்தின் விலகலைப் படத்தின் பிக்சல் அகலத்தால் வகுத்து, யூவியின் (படத்துக்குள் இடத்தைச் சொல்லும் 0 முதல் 1 வரையான எண்கள்) எக்ஸிலிருந்து கழியுங்கள். யூவியின் ஒய் மேலே 0, கீழே 1 என்பதால் எண் ÷ 8 இருந்த இடத்தில் 1 − ஒய் வரும். படத்தின் இரு பக்கமும் 10 பிக்சல் காலியாக விடாவிட்டால் ஆடும்போது இலை வெட்டுப்படும்.

நேரத்துக்கு ஷேடரின் சொந்த டைம் மாறியை எடுப்பதுதான் இந்த வேலையில் பெரிய வழுக்குப் பாறை. கேமை நிறுத்தி வைத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். எதிரிப் பாசியோ ஸ்கிரிப்டில் நின்றுவிடும். ஆடுபவர் பாஸ் போட்டுப் பசியாறிவிட்டு வந்து தொடர்ந்தால் அலங்காரமும் எதிரியும் வெவ்வேறு தாளத்தில் ஆடும், எதிரி எது என்பது சும்மாவே அம்பலமாகிவிடும். அதனால் புராஜெக்ட் செட்டிங்ஸில் ஷேடர் குளோபல்ஸில் ஒரு மாறி வைத்து, அதே ஆட்டோலோடிலிருந்து ஒவ்வொரு பிரேமும் நீர்_நேரத்தை அதற்கு அனுப்புங்கள். எல்லாருக்கும் ஒரே கடிகாரம்.

ஐந்து நிலைகள்

அசைவு, உஷார், பாய்ச்சல், பிடி, தளர்வு. பிசிக்ஸ் நொடிக்கு 60 முறை ஓடுகிறது என்ற கணக்கில் உஷார் 21 பிரேம் (0.35 நொடி), பாய்ச்சல் 9 பிரேம், தளர்வு 72 பிரேம். இதெல்லாம் பிசிக்ஸ் பிராசஸில்தான் ஓட வேண்டும்.

உஷார் நிலைதான் இந்த எதிரியின் உயிர். கவனிப்பு வட்டத்துக்குள் ஹீரோ வந்ததும், நடுவில் சுவர் இல்லை என்று ரேகாஸ்ட் சொன்னால், 4 பிரேமுக்குள் ஆட்டம் அடங்கட்டும். பிறகு தண்டு ஹீரோவுக்கு எதிர்ப்பக்கம் 8 பிக்சல் பின்வாங்கி அப்படியே நிற்கட்டும். சுற்றிலும் எல்லாம் ஆட, ஒன்று மட்டும் நிற்கும். அதோடு கனத்த ஒலி ஒன்று, ஒரே முறை. கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்கு ஏறத்தாழ கால் நொடி ஆகும், அதனால் 0.25-க்குக் கீழே போகவே போகாதீர்கள்.

கவனிப்பு வட்டத்தின் அளவைக் கண்ணால் பார்த்து வைத்தால் தவறும். தண்டு 64, நுனியின் பிடி வட்டம் 6, ஹீரோவின் உடம்பு 6, ஆக எட்டும் தூரம் 76. ஹீரோ முழு வேகத்தில் வருகிறான். ஆடுபவர் சுதாரிக்கும் கால் நொடியில் அவன் 17.5 பிக்சல் போய்விடுகிறான், விசையை விட்ட பிறகு இன்னும் 12.25. மூன்றையும் கூட்டினால் 105.75. கொஞ்சம் தாராளமாக 110 வைப்போம். ஏரியா2டி ஹீரோவின் நடுப்புள்ளியைப் பார்ப்பதில்லை, உடம்பின் ஓரம் பட்டதும் தெரிவித்துவிடும். ஆகவே வட்டத்தின் ஆரம் 104. பலரும் 90 அளவில் வைத்துவிட்டு, ‘இவ்வளவு நேரம் கொடுத்தும் மாட்டுகிறார்களே’ என்று உஷார் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எத்தனை நொடி கூட்டினாலும் ஹீரோ ஏற்கெனவே வழுக்கி எட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டிருப்பான்.

பாயும் திசையை உஷாரின் கடைசி 6 பிரேமுக்கு முன்பே பூட்டிவிடுங்கள். பாய்ச்சலிலும் ஹீரோவைத் துரத்திக்கொண்டே போனால் தப்பவே முடியாது. எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் நேர்கோட்டுக்குப் போனால் அடிமட்டம் நீட்டியதுபோல் இருக்கும். வேர்ப் பக்கக் கண்ணிகள் முதலில், நுனி இரண்டு பிரேம் பிந்தி என்று வைத்தால் சாட்டை. நுனி ஏறத்தாழ 90 பிக்சலை 9 பிரேமில் கடக்கும், பிரேமுக்கு 10. பிடி வட்டத்தின் விட்டமும் ஹீரோவின் விட்டமும் சேர்ந்து 24. ஒரு பிரேமில் நுனி 24-க்கு மேல் நகர்ந்தால் தொடாமலே தாண்டிப் போய்விடும். ஈஸ்-அவுட் (வேகமாகத் தொடங்கி மெல்ல அடங்குவது) வைத்தால் முதல் பிரேம் சராசரியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 20-ஐ ஒட்டி. இதைவிட வேகம் கூட்ட இடமில்லை.

தளர்வு முடிந்ததும் தண்டு எங்கே இருந்ததோ அங்கிருந்து ஆடத் தொடங்கக் கூடாது. கடிகாரம் இத்தனை நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 0.3 நொடியில் சூத்திரம் இப்போது சொல்லும் இடத்துக்கு மெல்லக் கலந்துவிடுங்கள். பாசி மீண்டும் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும்.

பிடியும் விடுதலையும்

பாசி ஹீரோவை நேரடியாக நகர்த்தக் கூடாது. இரண்டு ஸ்கிரிப்டும் ஒரே வேகத்தை எழுதினால் ஹீரோ நடுங்குவான். ஹீரோவிடமே பிடிக்க_முயல் என்று ஒரு ஃபங்ஷன் வையுங்கள். ஏற்கெனவே பிடிபட்டிருந்தாலோ, இப்போதுதான் விடுபட்டிருந்தாலோ ‘இல்லை’ என்று திருப்பட்டும். ஒரே பிரேமில் இரண்டு பாசி தொட்டாலும் முதலில் கேட்டதற்குத்தான் கிடைக்கும்.

பிடிபட்ட ஹீரோவின் வேகம் = (நுனி − ஹீரோ இருக்கும் இடம்) × 8, உச்சம் 120. பிறகு மூவ்-அண்ட்-ஸ்லைட். இடத்தை நேரடியாக மாற்றினால் சுவருக்குள் சிக்குவான். வேகத்தை டெல்டாவால் பெருக்கவும் வேண்டாம், கோடோ 4-இல் மூவ்-அண்ட்-ஸ்லைட் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். பெருக்கினால் ஹீரோ நகரவே மாட்டான்.

முதல் இழப்பு 0.5 நொடியில் ஓர் இதயம், பிறகு நொடிக்கு ஒன்று. இடம் வலமாக மூன்று முறை, ஒவ்வொன்றும் 0.4 நொடிக்குள் மாற்றினால் விடுதலை. பொத்தானைப் படபடவென்று தட்ட முடியாதவர்களும் ஆடுவார்கள், குதிக்கும் பொத்தானை 0.8 நொடி அழுத்திப் பிடித்தாலும் விடட்டும். விட்டதும் 0.2 நொடிக்கு வெளியே 90 வேகத்தில் தள்ளி, 0.8 நொடி யாரும் பிடிக்காதபடி காப்புக் கொடுங்கள்.

இங்கே இரண்டு பிழைகள் கண்டிப்பாக வரும். ஒன்று, பிடித்த உடனே சிக்னலுக்குள்ளேயே ஏரியாவின் மானிட்டரிங்கை அணைத்தால் எஞ்சின் தடுத்துப் பிழை காட்டும். செட்-டிஃபர்ட் வழியாக அணையுங்கள். இரண்டு, பாடி-என்டர்ட் சிக்னல் உள்ளே நுழையும்போது மட்டும்தான் வரும். தளர்வு முடியும்போது ஹீரோ கவனிப்பு வட்டத்துக்குள்ளேயே இருந்தால் சிக்னல் வராது, பாசி அவனைப் பார்க்காததுபோல் ஆடிக்கொண்டிருக்கும். அசைவு நிலைக்குத் திரும்பும்போதெல்லாம் உள்ளே யார் இருக்கிறார் என்று கெட்-ஓவர்லாப்பிங்-பாடீஸைக் கேளுங்கள். அந்தப் பட்டியல் பிசிக்ஸ் படிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும், அதனால் ஒரு பிரேம் காத்திருந்து கேளுங்கள்.

இன்னொன்று, ஒரு பாசியின் வட்டத்தைப் பெரிதாக்கினால் எல்லாப் பாசியின் வட்டமும் பெரிதாகும். வடிவம் பகிரப்பட்ட ரிசோர்ஸ், அதை லோக்கல் டு சீன் ஆக்குங்கள். திரைக்கு வெளியே உள்ளதை நிறுத்த விசிபிள்-ஆன்-ஸ்கிரீன்-நோட்டிஃபையர்2டி போட்டால் அதன் சட்டம் இயல்பாக 20 × 20 மட்டுமே. 220 அகலத்துக்கு விரியுங்கள், இல்லையென்றால் திரை ஓரத்தில் பாதிப் பாய்ச்சலில் உறைந்துவிடும்.

எங்கே நடுவது

பாசியால் பேர் கெட்ட கட்டம் ஒன்று உண்டு. 1989-இல் நின்டெண்டோவின் 8-பிட் கருவிக்குக் கொனாமி கொடுத்த டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்டில்ஸ் கேமின் அணைக்கட்டு. 2 நிமிடம் 20 நொடிக்குள் 8 வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்ய வேண்டும், வழியெல்லாம் தொட்டால் ஷாக் அடிக்கும் பாசி. அங்கே உண்மையான எதிரி இடுக்கு. வழி அவ்வளவு குறுகல்.

நம் கணக்கில் அதைத் தவிர்ப்பது சுலபம். தரையில் பாசி, மேலே கூரை. வழியின் உயரம் 7 ஓடு (112) என்றால் கூரையை ஒட்டிப் போகும் ஹீரோ வேரிலிருந்து 106 பிக்சல் உயரத்தில் இருப்பான், ஒரு கைவீச்சு அளவு 25 இறங்கினாலும் 81. பாசி பாயும், எட்டாது. முதன்முதலில் காட்ட இதுதான் இடம். 6 ஓடு என்றால் 90, இறங்கினால் 65. கைவீச்சின் நேரம் தப்பினால் மாட்டுவான். 5 ஓடு என்றால் 74, கூரையை ஒட்டினாலும் எட்டிவிடும். முதலில் சீண்டி, பாயவைத்து, தளர்வில் கடக்க வேண்டும். 80 பிக்சல் தள்ளி நின்று சீண்டினால் கடக்க வேண்டியது 48 பிக்சல், 0.7 நொடி போதும். கையில் இருப்பது தளர்வு 1.2, அடுத்த உஷார் 0.35. நடுவில் ஹீரோ 25 இறங்கிவிட்டால் கடக்க வேண்டியது 88 ஆகி 1.26 நொடி வாங்கும். அப்போதும் தப்பலாம், நெஞ்சு பதறும். 4 ஓட்டு வழியில் பாசி வைக்காதீர்கள். இரண்டு எதிரிப் பாசிகளுக்கு நடுவே 160 பிக்சலாவது விடுங்கள், இல்லையென்றால் ஒன்றிலிருந்து தள்ளப்பட்டவன் மற்றதன் கையில் போய் விழுவான்.

சோதிக்கும்போது கேமைப் பார்த்தேயிராத ஒருவரிடம் கொடுங்கள், தம்பியோ பக்கத்து வீட்டு அக்காவோ. வாயைத் திறக்காதீர்கள். முதல் முறை மாட்டியதும் ‘எங்கேயிருந்து வந்தது?’ என்று கேட்டால் உஷார் நிலை தெரியவில்லை. ‘ஐயோ, பார்த்தேன்’ என்றால் சரியாக இருக்கிறது. ஒலியை அணைத்து ஒரு முறை, ஒலியோடு ஒரு முறை ஆடச் சொல்லுங்கள்.

பெரிய தொலைக்காட்சியில் ஆடுகிறவருக்குப் படம் பிந்தி வரும். முதலில் தொலைக்காட்சியை கேம் மோடுக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் மாட்டிக்கொண்டே இருந்தால் உஷாரை 0.42 ஆக்கி, கூடவே கவனிப்பு வட்டத்தை 104-இலிருந்து 109-க்கு மாற்றுங்கள். 0.07 நொடியில் ஹீரோ போகும் 5 பிக்சல்தான் அது.